சுருக்கிய டிஸ்க் இமேஜ் ஓட மறுக்கிறதா? பழைய கன்சோல் கேம்களுக்கான முழுமையான வழிகாட்டி

பழைய கன்சோலைப் போல நடந்துகொள்ளும் மென்பொருளான எமுலேட்டரில் கேமைத் திறந்தால் கறுப்புத் திரை. அல்லது கேம் ஓடுகிறது, பாட்டு மட்டும் இல்லை. அல்லது இடையில் வரும் வீடியோக் காட்சி வந்ததும் உறைந்து நிற்கிறது. உடனே எல்லோரும் சந்தேகிப்பது எமுலேட்டரை. அமைப்புகளைப் புரட்டிப் போட்டு, வேறு பதிப்பை இறக்கி, பயாஸை (கன்சோலின் தொடக்க மென்பொருளை) மாற்றிப் பார்ப்பார்கள். அடுத்த சந்தேகம் சுருக்கிய கோப்பின் மீது விழும். என் கணிப்பில் பெரும்பாலும் இரண்டும் குற்றவாளி இல்லை. சுருக்குவதற்கு முன்பே மூலக் கோப்பு குறைபட்டிருக்கும், அல்லது சுருக்கும்போது தவறான கட்டளையைக் கொடுத்திருப்பார்கள். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே வரிசைதான்: கோப்பு என்ன சொல்கிறது என்று படி, விரித்துப் பார், மூலத்தைச் சரிசெய், மறுபடி சுருக்கு.

பிளேஸ்டேஷன் 1-ஐயும் சிஎச்டி என்ற சுருக்க வடிவத்தையும் மைய உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். மற்ற கன்சோல்களின் சிக்கல்களும் பெரும்பாலும் இதன் கிளைகளே. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பேசுவது உங்களிடம் உள்ள டிஸ்கிலிருந்து நீங்களே எடுத்த இமேஜ்களை, அதாவது டிஸ்கின் நகல் கோப்புகளைப் பற்றி என்று எடுத்துக்கொள்கிறேன்.

2352 என்ற எண்

ஒரு சிடியில் தரவு செக்டார் என்ற சிறு பகுதிகளாகப் பிரிந்திருக்கும்; ஒவ்வொரு செக்டாரிலும் 2352 பைட். கணினித் தரவு வைக்கும் சாதாரண செக்டாரில் (மோட் 1) 12 பைட் ஒத்திசைவுக்கு, 4 பைட் தலைப்புக்கு, 2048 பைட் உண்மையான தரவுக்கு, மீதி பிழை கண்டறியவும் திருத்தவும். நாம் ஐஎஸ்ஓ என்று சொல்லும் கோப்பில் இருப்பது அந்த 2048 மட்டும்.

பிளேஸ்டேஷன் 1 டிஸ்குகள் மோட் 2 வகை. அதிலும் இரு உட்பிரிவுகள் உண்டு: ஃபார்ம் 1-ல் 2048 பைட் தரவு, ஃபார்ம் 2-ல் 2324 பைட். வீடியோக் காட்சிகளோடு பின்னி வரும் எக்ஸ்ஏ என்ற ஒலி ஃபார்ம் 2-ல்தான் கிடக்கும், பிழைதிருத்தும் பைட்களின் இடத்தையும் எடுத்துக்கொண்டு. ஆகவே பிளேஸ்டேஷன் 1 டிஸ்கை யாராவது 2048 பைட் ஐஎஸ்ஓவாக எடுத்தால் எக்ஸ்ஏ ஒலியும் அதோடு பின்னிய வீடியோக் காட்சிகளும் அந்த நிமிடமே கெட்டுவிட்டன. பிறகு எந்தக் கருவியாலும் அவற்றை மீட்க முடியாது. இதற்கும் மேல், பல கேம்களில் பின்னணி இசை சாதாரண ஆடியோ சிடி போலத் தனித்தனி டிராக்குகளாக இருக்கும். அவற்றை ஐஎஸ்ஓவுக்குள் வைக்கவே வழியில்லை.

இதனால்தான் பின், கியூ என்று இரண்டு கோப்புகள். பின்னில் 2352 பைட் செக்டார்கள் அப்படியே வரிசையாக இருக்கும். எந்த டிராக் எங்கே தொடங்குகிறது, எது தரவு, எது இசை என்பதைக் கியூ சொல்லும். கியூ சில வரிகளே உள்ள உரைக் கோப்பு என்பதால் அலட்சியமாக அழித்துவிடுகிறவர்கள் அதிகம்.

முதல் படி: கோப்பையே கேளுங்கள்

சிஎச்டி முதலில் ஆர்க்கேட் எமுலேட்டரான மேமுக்காக உருவான வடிவம். தரவைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனியாகச் சுருக்கி, எந்தத் துண்டு எங்கே என்று ஒரு அட்டவணையும் வைத்திருக்கும். டிஸ்கின் எந்த இடத்தைக் கேட்டாலும் அந்தத் துண்டை மட்டும் விரித்தால் போதும். ஜிப், 7இசட் கோப்புகளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்; அவற்றில் நடுவிலிருந்து ஒரு துளி வேண்டுமென்றாலும் கேசட்டை ஓட்டிப் பாட்டைத் தேடுவதுபோல் முன்னாலிருந்து விரித்து வர வேண்டும். டிஸ்க் கேம் ஜிப்புக்குள் இருந்தால் வெளியே எடுத்துவிட்டு மேலே படியுங்கள். பலருக்குச் சிக்கல் இதோடு தீர்ந்துவிடும்.

நமக்கு வேண்டிய கருவி சிஎச்டிமேன். மேம் தொகுப்போடு வரும். உபுண்டு, டெபியனில் மேம்-டூல்ஸ் என்ற தொகுப்பில் கிடைக்கும். கூடியவரை புதிய பதிப்பையே எடுங்கள், காரணம் பின்னால் வரும். கோப்பு இருக்கும் ஃபோல்டரில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து இப்படிக் கொடுங்கள்:

சிஎச்டிமேன் இன்ஃபோ -ஐ கேம்.சிஎச்டி

வரும் பட்டியலில் நான்கு இடங்களைப் பார்த்தால் போதும்.

யூனிட் சைஸ். 2,448 என்றிருந்தால் அது சிடியாகச் சுருக்கப்பட்டது (2352-உம், ஒவ்வொரு செக்டாரோடும் வரும் கூடுதல் தகவலான துணைச் சேனலுக்கான 96-உம்). 2,048 என்றால் டிவிடி. பிளேஸ்டேஷன் 1, சாட்டர்ன், மெகா சிடி, பிசி எஞ்சின் கேம்களுக்கு 2,448 வர வேண்டும். பிஎஸ்பிக்கும், டிவிடியில் வந்த பிளேஸ்டேஷன் 2 கேம்களுக்கும் 2,048.

டிராக் வரிகள். கடைசியில் இருக்கும் மெட்டாடேட்டா பகுதியில் ஒவ்வொரு டிராக்குக்கும் ஒரு வரி. பிளேஸ்டேஷன் 1-க்கு முதல் டிராக்கின் வகை மோட்2_ரா என்று இருக்க வேண்டும். மோட்1 என்று இருந்தால் யாரோ 2048 ஐஎஸ்ஓவிலிருந்து சுருக்கியிருக்கிறார்கள். அந்தக் கோப்பில் நேரத்தை வீணாக்க வேண்டாம், டிஸ்கிலிருந்து மறுபடி எடுங்கள். இசை டிராக்குகள் உள்ள கேமுக்கு ஒரே ஒரு டிராக் வரி வந்தால் பாட்டு ஏன் இல்லை என்பதற்கு விடை அங்கேயே இருக்கிறது.

கம்ப்ரெஷன். சிடிஎல்இசட், சிடிஇசட்எல், சிடிஎஃப்எல் என்ற மூன்றும் பழகிய பெயர்கள்; எல்லா எமுலேட்டரும் படிக்கும். சிடிஇசட்எஸ் அல்லது இசட்எஸ்டிடி என்றிருந்தால் புதிய சீஸ்டாண்டர்ட் முறை. விரிக்க வேகமானது, ஆனால் பழைய எமுலேட்டர்களுக்கும் பழைய கைக்கருவிகளில் உள்ள கோர்களுக்கும் (ஒரு செயலிக்குள் செருகி ஓடும் எமுலேட்டர்களுக்கும்) அது என்னவென்றே தெரியாது. கணினியில் ஓடும் கோப்பு கைக்கருவியில் மட்டும் திறக்காவிட்டால் முதலில் இங்கே பாருங்கள்.

ஃபைல் வெர்ஷன். 5 இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் சிஎச்டிமேன் காப்பி என்ற கட்டளை புதிய வடிவுக்கு மாற்றித் தரும். சீஸ்டாண்டர்டிலிருந்து பழைய முறைக்கு மாற்றவும் இதே கட்டளைதான். -சி என்று போட்டு வேண்டிய முறைகளின் பெயரைக் கொடுக்கலாம்.

வெரிஃபை சரி என்றால் என்ன பொருள்?

சிஎச்டிமேன் வெரிஃபை -ஐ கேம்.சிஎச்டி என்று கொடுத்தால் கோப்பு முழுவதையும் விரித்து, உள்ளே பதிந்திருக்கும் எஸ்எச்ஏ-1 எண்ணோடு (தரவின் கைரேகை போன்றது) ஒப்பிடும். பொருந்தாவிட்டால் கோப்பு நகலெடுக்கும்போதோ மெமரி கார்டிலோ சிதைந்திருக்கிறது. விலை மலிந்த போலி மைக்ரோ எஸ்டி கார்டுகளில் இது சர்வசாதாரணம். மூலக் கணினியிலிருந்து மறுபடி நகலெடுங்கள். கார்டில் மீண்டும் அதே பிழை வந்தால் கார்டை மாற்றுங்கள்.

பொருந்தினால் மகிழ்ந்துவிட வேண்டாம். சுருக்கிய நாளிலிருந்து கோப்பு மாறவில்லை என்பதற்கு மட்டுமே அது சான்று. கீறல் விழுந்த டிஸ்கிலிருந்து தவறாகப் படித்த தரவைச் சுருக்கியிருந்தாலும் வெரிஃபை சரி என்றே சொல்லும். மூலம் சரியா என்று அறிய, விரித்துக் கிடைக்கும் பின் கோப்பின் இத்தகைய எண்ணை, சரியாக எடுத்த டிஸ்குகளின் எண்களைத் தொகுத்திருக்கும் ரீடம்ப் தரவுத்தளத்தில் அந்த டிஸ்குக்கு உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

இரண்டாம் படி: விரித்து, விரித்ததை ஓட்டுங்கள்

சிஎச்டிமேன் எக்ஸ்ட்ராக்ட்சிடி -ஐ கேம்.சிஎச்டி -ஓ கேம்.கியூ

இப்போது பின்னும் கியூவும் கிடைக்கும். டிவிடி வகைக்கு எக்ஸ்ட்ராக்ட்டிவிடி என்று கொடுத்து ஐஎஸ்ஓவாக எடுங்கள். இந்த விரித்த கோப்பை எமுலேட்டரில் ஓட்டிப் பாருங்கள். அதே கோளாறு இதிலும் வந்தால் சுருக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விரித்தது நன்றாக ஓடி சிஎச்டி மட்டும் ஓடாவிட்டால் சுருக்கிய விதத்தில்தான் கோளாறு. நேராக நான்காம் படிக்குப் போகலாம்.

ரீடம்ப் எண்ணோடு ஒப்பிடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ரீடம்ப் ஒவ்வொரு டிராக்குக்கும் தனி பின் வைக்கும். எக்ஸ்ட்ராக்ட்சிடி இயல்பாக எல்லாவற்றையும் ஒரே பின்னாகத் தரும். பல டிராக் உள்ள கேமில் எண் பொருந்தாததைப் பார்த்து டிஸ்க் கெட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். புதிய சிஎச்டிமேனில் டிராக் வாரியாகப் பிரித்துத் தரும் வசதி வந்துவிட்டது.

பிளேஸ்டேஷன் 1-ல் எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் துப்புத் தரும். வெள்ளைத் திரையில் வரும் சோனி லோகோ பயாஸிலிருந்து வருவது, டிஸ்கே இல்லாவிட்டாலும் வரும். அடுத்த கறுப்புத் திரை டிஸ்கைப் படித்த பிறகே வரும். வெள்ளைத் திரையைத் தாண்டி மெமரி கார்டு, சிடி பிளேயர் மெனுவுக்குப் போய்விட்டால் அந்த இமேஜை எமுலேட்டர் கேம் டிஸ்காக ஏற்கவேயில்லை; கியூவைச் சந்தேகியுங்கள். கறுப்புத் திரையும் கடந்து பிறகு நின்றால் டிராக் அமைப்பு ஏறக்குறைய சரி, சிக்கல் உள்ளே இருக்கிறது.

மூன்றாம் படி: மூலத்தைச் சரிசெய்தல்

முதலில் கால்குலேட்டர். பின் கோப்பின் மேல் வலது சொடுக்கு செய்து சரியான பைட் எண்ணிக்கையை எடுத்து 2352-ஆல் வகுங்கள். மீதி வரக் கூடாது. மீதி வந்தால் கோப்பு பாதியில் அறுந்திருக்கிறது அல்லது அது 2352 வகையே இல்லை. 2048-ஆல் மீதியின்றி வகுபட்டால் பின் என்று பெயர் மாற்றிய ஐஎஸ்ஓ. 2336-ஆல் வகுபட்டால் ஒத்திசைவும் தலைப்பும் உரித்த செக்டார்கள். 2448 என்றால் துணைச் சேனலோடு எடுத்தது. இடையில் ஒரு சந்தேகம் எழும்: 650 எம்பி டிஸ்கிலிருந்து எப்படி 783 எம்பி பின் வருகிறது? 74 நிமிடச் சிடியில் 333,000 செக்டார்கள். அதை 2048-ஆல் பெருக்கினால் 681,984,000. 2352-ஆல் பெருக்கினால் 783,216,000. கோப்பில் தவறில்லை.

அடுத்தது கியூ. நோட்பேடில் திறந்தால், ஒரே டிராக் உள்ள பிளேஸ்டேஷன் 1 கேமுக்கு இவ்வளவுதான் இருக்கும்:

ஃபைல் "கேம்.பின்" பைனரி
டிராக் 01 மோட்2/2352
இண்டெக்ஸ் 01 00:00:00

கியூ தொலைந்திருந்தால், ஒரு டிராக் கேமுக்கு இந்த மூன்று வரிகளை நீங்களே எழுதிக்கொள்ளலாம். சாட்டர்ன், மெகா சிடிக்கு மோட்2-க்குப் பதில் பெரும்பாலும் மோட்1/2352. இசை டிராக்குகள் உள்ள கேமுக்கு ஊகித்து எழுத முடியாது. இண்டெக்ஸ் எண்கள் நிமிடம், நொடி, ஒரு நொடிக்கு 75 என்ற கணக்கில் ஃபிரேம் வரை துல்லியமாக இருக்க வேண்டும். டிராக்குகளுக்கு முன் வரும் இரண்டு நொடி, அதாவது 150 செக்டார் இடைவெளியைத் தவறவிட்டால் பாட்டு முன்பின்னாகத் தொடங்கும். அத்தகைய கேமுக்கு ரீடம்பில் உள்ள கியூவைப் பெறுவதே வழி.

கியூவில் அடிக்கடி காணும் தவறு மிக எளியது: பின் கோப்பின் பெயரை மாற்றிவிட்டு உள்ளே உள்ள ஃபைல் வரியை மாற்றாமல் விடுவது. பின் கோப்பைக் காணவில்லை என்று சிஎச்டிமேன் முறையிட்டால் இதுதான். லினக்ஸிலும் லினக்ஸ் ஓடும் கைக்கருவிகளிலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் கணக்கு. விண்டோஸில் ஓடியது அங்கே ஓடாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம். விண்டோஸில் கோப்பு நீட்சிகளைக் காட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நோட்பேட் சத்தமில்லாமல் கேம்.கியூ.டிஎக்ஸ்டி என்று சேமித்திருக்கும்.

பழைய தொகுப்புகளில் கேம்.பின்.ஈசிஎம் என்று ஒரு வடிவம் வரும். நீல் கார்லெட் எழுதிய கருவியால் ஆனது. மறுபடி கணக்கிட்டுவிடக்கூடிய பிழைதிருத்தப் பைட்களை நீக்கிவிட்டு வைத்திருக்கும். சிஎச்டிமேனுக்கு அது புரியாது. அன்ஈசிஎம் கருவியால் முழு பின்னாக்கிய பிறகே அடுத்த வேலை. பிளேஸ்டேஷன் 1 எமுலேட்டரான டக்ஸ்டேஷன் ஈசிஎம்மை நேராகவே படிக்கும் என்றாலும், விரித்துச் சிஎச்டியாக்கி வைப்பதே நல்லது. இசை டிராக்குகள் ஏபிஇ அல்லது எம்பி3 ஆக இருந்தால் அவற்றை முதலில் வேவ் ஆக்கி, கியூவிலும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். எம்பி3-இல் இழந்த ஒலித்தரம் திரும்பாது. டிஸ்க் கையில் இருந்தால் மறுபடி எடுப்பதே மேல்.

நான்காம் படி: சரியான கட்டளையால் சுருக்குதல்

சிடியில் வந்த கேமுக்கு:

சிஎச்டிமேன் கிரியேட்சிடி -ஐ கேம்.கியூ -ஓ கேம்.சிஎச்டி

உள்ளீடாகக் கொடுக்க வேண்டியது கியூ. பின்னை ஐஎஸ்ஓ என்று பெயர் மாற்றிக் கொடுத்து ஏமாற்றுகிறவர்கள் உண்டு. அது இசை டிராக்குகளையும் தரவாகவே விழுங்கிவிடும், கேம் ஊமையாக ஓடும். அதே பெயரில் சிஎச்டி ஏற்கெனவே இருந்தால் கருவி மேலெழுதாது. -எஃப் சேர்த்தால்தான் எழுதும்.

டிவிடியில் வந்த கேமுக்கு:

சிஎச்டிமேன் கிரியேட்டிவிடி -ஐ கேம்.ஐஎஸ்ஓ -ஓ கேம்.சிஎச்டி

கிரியேட்டிவிடி 2023-இல்தான் வந்தது. புதிய பதிப்பை எடுக்கச் சொன்னது இதற்காக. அதற்கு முன் எல்லோரும் டிவிடியையும் கிரியேட்சிடியால் சுருக்கினார்கள். அப்படி ஆன கோப்புகள் இன்றும் ஏராளமாகச் சுற்றுகின்றன. பிஎஸ்பிக்கான பிபிஎஸ்எஸ்பிபி எமுலேட்டர் 1.17 பதிப்பிலிருந்து சிஎச்டியை ஏற்கிறது. ஆனால் கிரியேட்சிடியால் ஆனவை அதில் திணறும். பிஎஸ்பிக்கு -எச்எஸ் 2048 என்பதையும் சேருங்கள். துண்டின் அளவு சிறிதானால் தேவைக்கு மேல் விரிக்க வேண்டியிராது. சிஎஸ்ஓ என்ற பிஎஸ்பி சுருக்க வடிவில் இருப்பவற்றை மேக்ஸ்சிஎஸ்ஓ --டிகம்ப்ரெஸ் என்று ஐஎஸ்ஓவாக்கிவிட்டு இதே வழியில் செல்லலாம். சிஎஸ்ஓ நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் மாற்றியே ஆக வேண்டும் என்றில்லை.

பிளேஸ்டேஷன் 2-ல் கவனம் தேவை. டிஸ்கின் அடிப்புறம் நீலமாக இருந்தால் அது சிடி, வெள்ளியாக இருந்தால் டிவிடி. சிடிக்குப் பின்-கியூ எடுத்துக் கிரியேட்சிடி, டிவிடிக்கு ஐஎஸ்ஓ எடுத்துக் கிரியேட்டிவிடி. கார்டு ஃபேட்32 ஆக இருந்தால் 4,294,967,295 பைட்டுக்கு மேல் ஒரே கோப்பை வைக்க முடியாது என்பதும் இங்கேதான் கடிக்கும், எக்ஸ்ஃபேட்டாக மாற்றிவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஓடாத கேம்கள்

ஐரோப்பியப் பதிப்பு பிளேஸ்டேஷன் 1 கேம் சிலவற்றில் லிப்கிரிப்ட் என்ற பாதுகாப்பு உண்டு. ஃபைனல் ஃபேண்டஸி 9-இன் ஐரோப்பியப் பதிப்பு ஓர் உதாரணம். டிஸ்கின் க்யூ துணைச் சேனலில் (கியூ கோப்பு வேறு) வேண்டுமென்றே சில செக்டார்களைப் பிறழ வைத்து, கேம் அதைச் சோதித்துப் பார்க்கும். பின்-கியூவில் துணைச் சேனல் இல்லாததால் சிஎச்டியிலும் இருக்காது. தீர்வு, அந்தச் செக்டார்களின் விவரம் அடங்கிய எஸ்பிஐ கோப்பு: கேம்.சிஎச்டி பக்கத்திலேயே கேம்.எஸ்பிஐ என்று அதே பெயரில் வைக்க வேண்டும். சிஎச்டிக்கு மாறும்போது பழைய ஃபோல்டரோடு எஸ்பிஐயையும் அழித்துவிட்டு, ஓடிய கேம் ஏன் நின்றது என்று குழம்புவது வழக்கம்.

திக்கித் திக்கி ஓடினால், பலம் குறைந்த கருவியில் எல்இசட்எம்ஏ (மேலே பார்த்த சிடிஎல்இசட்) விரிப்பது சுமையாக இருக்கலாம். டக்ஸ்டேஷனில் இமேஜை முன்கூட்டியே ரேமில் ஏற்றும் வசதி உண்டு. ரெட்ரோஆர்க்கின் பீட்டில் பிஎஸ்எக்ஸ் கோரில் சிடி அணுகும் முறையைப் ப்ரீகேஷ் என்று மாற்றலாம். தொடங்க நேரம் ஆகும், பிறகு சீராக ஓடும்.

டிரீம்காஸ்ட், கேம்க்யூப், வீ

டிரீம்காஸ்டின் ஜிடி-ராம் டிஸ்க் சுமார் 1 ஜிபி கொள்ளும். சாதாரண சிடியில் அடைக்க ஒலியையும் வீடியோவையும் குறைத்து ஆன வடிவமே சிடிஐ. அதைச் சுருக்கிப் பயனில்லை. முழு டிஸ்கின் நகலான ஜிடிஐ இருந்தால் கிரியேட்சிடி -ஐ டிஸ்க்.ஜிடிஐ என்று கொடுக்கலாம். ஜிடிஐயும் உரைக் கோப்புதான்: முதல் வரி டிராக் எண்ணிக்கை, பிறகு டிராக்குக்கு ஒரு வரி. மூன்றாம் டிராக் 45000 என்ற இடத்தில் தொடங்க வேண்டும். கோப்புப் பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள்குறிக்குள் இருக்கிறதா பாருங்கள். ரீடம்பின் கியூவிலிருந்து பழைய சிஎச்டிமேனால் சுருக்கிய டிரீம்காஸ்ட் கோப்பு ஓடாவிட்டால், புதிய பதிப்பால் மறுபடி சுருக்குங்கள்.

கேம்க்யூப், வீ இரண்டுக்கும் சிஎச்டி வேண்டாம். டால்பின் எமுலேட்டரின் சொந்த வடிவமான ஆர்விஇசட்டே போதும். வீ டிஸ்க் மறையாக்கம் செய்யப்பட்டது. மற்ற கருவிகளால் அதைச் சுருக்க முடியாது, ஆர்விஇசட் மறையை நீக்கிவிட்டுச் சுருக்கும், எதையும் இழக்காது. கேம் பட்டியலில் வலது சொடுக்கில் மாற்றும் வசதி இருக்கிறது. முழு கேம்க்யூப் ஐஎஸ்ஓ 1,459,978,240 பைட் இருக்கும். அதைவிடச் சிறியதாக இருந்தால் அநேகமாக என்கிட் என்ற கருவியால் வெற்றுத் தரவை உரித்தது. அதை ஆர்விஇசட்டாக்கினாலும் உரித்தது உரித்ததே. கேமின் பண்புகளில் உள்ள வெரிஃபை தாவல் இதைப் பச்சையாகச் சொல்லிவிடும்.

பல டிஸ்க் கேம்களும் சேவ் கோப்புகளும்

நான்கு டிஸ்க் கேமுக்கு நான்கு சிஎச்டி. கேம்.எம்3யூ என்ற உரைக் கோப்பில் அவற்றின் பெயர்களை வரிக்கு ஒன்றாக எழுதி, எமுலேட்டரில் அதைத் திறங்கள். டிஸ்க் மாற்றச் சொல்லும்போது மெனுவிலேயே மாற்றிக்கொள்ளலாம். சோனியின் பிபிபி வடிவில் பல டிஸ்கும் ஒரே கோப்பில் இருக்கும். பிஎஸ்எக்ஸ்பேக்கேஜர் போன்ற கருவியால் பின்-கியூவாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுருக்குங்கள்.

மாற்றிய பின் பழைய சேவ் காணாமல் போனால் பதற வேண்டாம். பீட்டில் பிஎஸ்எக்ஸ் போன்ற கோர்கள் மெமரி கார்டுக் கோப்புக்கு நீங்கள் திறந்த கோப்பின் பெயரையே வைக்கும். முன்பு கேம் (டிஸ்க் 1).கியூ என்று திறந்திருந்தால் சேவ் கேம் (டிஸ்க் 1).எஸ்ஆர்எம் என்று கிடக்கும். இப்போது எம்3யூ மூலம் திறந்தால் அது கேம்.எஸ்ஆர்எம்மைத் தேடும். எமுலேட்டரை மூடிவிட்டுப் பழைய கோப்பை நகலெடுத்துப் புதிய பெயர் வையுங்கள். முதல் டிஸ்க், இசை வரும் ஓர் இடம், ஒரு வீடியோக் காட்சி, ஒரு டிஸ்க் மாற்றம் இவ்வளவும் சரியாக ஓடும்வரை பின்-கியூவை அழிக்காதீர்கள்.